ஒசாகாவுக்கு ஒரு சாயங்காலம் பத்தாது

ஜப்பான் போறவங்க தங்களோட டூர் பிளானை காட்டி சரியா இருக்கான்னு கேக்கும்போது நான் முதல்ல பாக்கறது ஒசாகாவுக்கு எவ்ளோ நேரம் ஒதுக்கியிருக்காங்கன்னுதான். பெரும்பாலும் டோக்கியோவுக்கு நாலு நாள், கியோட்டோவுக்கு மூணு நாள், நடுவுல ஒசாகாவுக்கு ஒரு சாயங்காலம், அதுவும் டோடன்போரிங்கற கால்வாயோரக் கேளிக்கைத் தெருவுல அந்த ஓடற ஆள் நியான் போர்டு முன்னாடி ஒரு போட்டோ, ஒரு தட்டு தாகோயாகி (ஆக்டோபஸ் துண்டு வச்ச மாவு உருண்டை), அவ்ளோதான். வேலைக்காக அந்த ஊர்ல தங்கியிருந்தவ நான், லீவு நாள்ல கால் போன போக்குல சுத்துவேன், அப்புறம் அம்மா வந்து கொஞ்ச நாள் இருந்தப்போ அவங்களை கூட்டிட்டு அதே தெருக்களை இன்னும் நிதானமா பாத்தேன். அதனால உரிமையோட சொல்றேன், தயவு செஞ்சு இந்த ஊருக்கு குறைஞ்சது மூணு முழு நாள் குடுங்க.

ஏன் சொல்றேன்னா, ஒசாகாவோட அழகு ஒரு கோயில்லயோ ஒரு கோபுரத்துலயோ இல்ல, அந்த ஊரை யார் கட்டினாங்கங்கறதுல இருக்கு. டோக்கியோ ஷோகன்களோட, அதாவது நாட்டை ஆண்ட ராணுவத் தலைவர்களோட ஊரு, கியோட்டோ சக்கரவர்த்தியோட ஊரு, ஒசாகா வியாபாரிங்களோட ஊரு. எடோ காலத்துல (1603ல இருந்து 1868 வரைக்கும், ஷோகன்கள் ஆண்ட காலம்) இங்க கால்வாய்ங்க மேல சுமார் 200 பாலம் இருந்துச்சு, அதுல அரசாங்க செலவுல இருந்தது வெறும் 12தான், மத்ததெல்லாம் கடைக்காரங்களும் தெருக்காரங்களும் கைக்காசு போட்டு கட்டி பராமரிச்சது. இன்னைக்கு மெட்ரோல யோதோயாபாஷின்னு ஒரு ஸ்டேஷன் வரும் பாருங்க, அது யோதோயாங்கற வியாபாரி குடும்பம் கட்டின பாலத்தோட பேரு. டோடன்போரி கால்வாயே 1612ல டோடன்னு ஒருத்தர் சொந்தக் காசுல வெட்ட ஆரம்பிச்சதுதான், 1615ல முடிஞ்சப்போ அவர் உயிரோட இல்ல, ஒசாகா கோட்டை சண்டையில செத்துட்டார். இதை மனசுல வச்சுக்கிட்டு சுத்தினா ஒவ்வொரு தெருவும் வேற மாதிரி தெரியும்.

முதல் நாள் நாகாநோஷிமாவுல ஆரம்பிங்க. ரெண்டு ஆத்துக்கு நடுவுல நீளமா ஒரு தீவு, வடக்கே பெரிய ரயில் ஸ்டேஷன்கள் இருக்கற உமேதாவுல இருந்து நடந்தே போயிடலாம். அங்க சிவப்பு செங்கல்ல ஒரு பொது மண்டபம் இருக்கு, 1918ல திறந்தது. இவாமோதோ எய்னோசுகேன்னு ஒரு ஷேர் புரோக்கர், 1911ல பத்து லட்சம் யென் ஊருக்கு குடுத்தார் மண்டபம் கட்டச் சொல்லி. அப்புறம் முதல் உலகப் போர் சமயத்துல மார்க்கெட்ல பெரிய நஷ்டம். குடுத்ததுல கொஞ்சமாவது திருப்பிக் கேளுன்னு கூட இருந்தவங்க சொன்னப்போ கேக்க மாட்டேன்னுட்டாராம். 1916ல தன் உயிரை தானே முடிச்சுக்கிட்டார், மண்டபம் முடியறதை பாக்கல. நான் ஆபீஸ் முடிஞ்சு அந்தப் பக்கம் போறப்போ எல்லாம் அது முன்னாடி ஒரு நிமிஷம் நிப்பேன், விளக்கு போட்டதும் அந்த செங்கல் சுவர் அவ்ளோ அழகா இருக்கும், இந்த மனுஷன் இதை பாக்காமலே போயிட்டாரேன்னு தோணும். அம்மாகிட்ட கதையை சொன்னதும் அவங்க பேசாம கையெடுத்து கும்பிட்டுட்டு நகர்ந்தாங்க.

அங்கேருந்து மேற்கே கொஞ்சம் நடந்தா டோஜிமா ஆத்தோரம். 1730ல ஷோகன் அரசு அங்கீகரிச்ச அரிசிச் சந்தை இருந்த இடம் அது, பின்னாடி கைமாறப் போற சரக்குக்கு இப்பவே விலை பேசி வைக்கறதை இன்னைக்கு நாம பியூச்சர்ஸ் டிரேடிங்னு சொல்றமே, அதுக்கு உலகத்துலயே முன்னோடின்னு இந்தச் சந்தையைத்தான் சொல்றாங்க. அதோட நினைவா ஒரு பெரிய அரிசி மணி மாதிரி சின்னம் வச்சிருக்காங்க, கட்டடக் கலைஞர் அந்தோ ததாவோ வடிவமைச்சது, அவரும் இந்த ஊர்க்காரர்தான். காமர்ஸ் படிக்கற பசங்க கூட இருந்தா கண்டிப்பா கூட்டிட்டு போய் காட்டுங்க.

ஒசாகா கோட்டையை பத்தி சுருக்கமா சொல்லிடறேன். நாட்டை ஒண்ணாக்கின தளபதி ஹிதேயோஷி 1583ல கட்ட ஆரம்பிச்ச கோட்டை 1615ல அழிஞ்சுது, அப்புறம் வந்த டோகுகவா ஷோகன் வம்சத்து ஆளுங்க பழைய மதில் மேல மண்ணைக் கொட்டி புதுசா கட்டினாங்க. இப்போ நிக்கற கோபுரம் 1931ல ஊர் ஜனங்க நன்கொடையில எழுப்பின கான்கிரீட் கட்டடம், உள்ள லிப்ட் போட்ட மியூசியம். பழைய மரக் கோட்டையை எதிர்பார்த்து போறவங்க ஏமாந்து வர்றாங்க, ஆனா கல் மதில் நிஜம், அதை விட்டுடாதீங்க. சகுரா வாசலுக்கு உள்ள ஒரே கல்லு சுமார் 60 சதுர மீட்டர் பரப்புக்கு நிக்கும், எடை 108 டன் இருக்கும்னு கணக்கு போட்டிருக்காங்க, கப்பல்ல கொண்டு வந்தது. 2025 ஏப்ரல்ல இருந்து மண்ணுக்கடியில புதைஞ்சு கிடந்த ஹிதேயோஷி கால மதிலையும் பாக்க வழி பண்ணியிருக்காங்க, கோபுர டிக்கெட்லயே அதுவும் சேர்த்தி. நேரம் கம்மின்னா கோபுரம் மேல ஏறறதை விட்டுட்டு இந்த மதிலை பாருங்கன்னுதான் நான் சொல்வேன்.

மழை நாளா இருந்தா டென்ஜின்பாஷிசுஜி. மேல கூரை போட்ட கடைத்தெரு, 2.6 கிலோமீட்டர் நீளம், ஜப்பான்லயே நீளமானதுன்னு சொல்வாங்க. டூரிஸ்ட் கடை கம்மி, கத்தி சாணை பிடிக்கறவர், தேயிலை வறுக்கற வாசனை, சைக்கிள்ல கூடையோட வர்ற பாட்டிங்க, கலர் கலரா சட்டை, எல்லாம் அந்த ஊர் ஜனங்களுக்கான கடை. தெற்கே ஒண்ணாம் வட்டத்துல ஆரம்பிச்சு வடக்கு பாத்து நடங்க, ஏன்னா கடைசியில ஆறாவது வட்டத்து ஸ்டேஷனுக்கு மேலயே ஒரு கட்டடத்தோட எட்டாவது மாடியில வீட்டு வாழ்க்கை மியூசியம் இருக்கு. உள்ள 1830கள்ல இருந்த ஒசாகா தெருவை அப்படியே முழு அளவுல கட்டி வச்சிருக்காங்க, மருந்துக் கடை, துணிக் கடை, குளிக்கற இடம், சந்துக்குள்ள ஏழைங்க வீடு. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை வெளிச்சம் மங்கி ராத்திரி ஆகும், இடி இடிக்கும், மறுபடி விடியும். இவ்ளோ நேரம் நடந்து வந்த தெரு இருநூறு வருஷம் முன்னாடி எப்படி இருந்திருக்கும்னு அங்க போய்த்தான் புரியும், அதனாலதான் அதை கடைசியா வச்சுக்க சொல்றேன். அம்மாவுக்கு முட்டி வலி, ஆனா தெரு முழுக்க சமதரை, நடுநடுவுல காபி கடைல உக்காந்து உக்காந்து முழுசா நடந்துட்டாங்க.

டோடன்போரியை ராத்திரி பாருங்க, கூட்டம் தாங்கலன்னா பக்கத்து சந்துல ஹோசென்ஜி கோயில் இருக்கு, பாசி மூடின பூடோங்கற புத்த காவல் தெய்வத்தோட சிலைக்கு தண்ணி ஊத்தி கும்பிடற இடம், நியான் வெளிச்சத்துல இருந்து ரெண்டே நிமிஷ நடை. அதுக்கு மேல அந்த ஏரியாவுக்கு நேரம் செலவு பண்ண வேண்டியதில்லைங்கறது என் அபிப்பிராயம். சமையல் ஆர்வம் உள்ளவங்க மட்டும் நம்பா பக்கம் டோகுயாசுஜி போங்க, ஓட்டல்காரங்க பாத்திரம் வாங்கற தெரு, கத்தியும் மண் சட்டியும் இரும்பு தோசைக்கல் மாதிரி தட்டும் நல்ல தரத்துல கிடைக்கும். கத்தி வாங்கினா செக்கின் பெட்டியில வைங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஊரோட தெற்குப் பக்கம்தான், அதுக்கு ஒரு முழு நாள் வேணும். காலைல ஷிடென்னோஜி புத்த கோயில். 593ல இளவரசர் ஷோடோகு ஆரம்பிச்சதுன்னு வரலாறு. புயல், தீ, 1945 குண்டுவீச்சுன்னு பல தடவை அழிஞ்சு, இப்போ இருக்கற நடுக் கட்டடங்க 1963ல கான்கிரீட்ல எழுப்பினது, ஆனா வாசல், அஞ்சடுக்கு கோபுரம், பொன் மண்டபம், பிரசங்க மண்டபம் எல்லாம் தெற்கு வடக்கா ஒரே நேர்கோட்டுல நிக்கற அந்த அமைப்பு பழைய அமைப்புதான். குளம் நிறைய ஆமை, அம்மா அங்கயே அரை மணி நேரம் உக்காந்துட்டாங்க. மாசாமாசம் 21, 22 தேதியில கோயில் வளாகத்துல சந்தை போடுவாங்க, பழைய கிமோனோ, பீங்கான் தட்டு, மரப் பெட்டி எல்லாம் நியாயமான விலைக்கு கிடைக்கும், உங்க தேதி ஒத்து வந்தா அந்த நாளையே தெற்குப் பக்கத்துக்கு வச்சுக்கோங்க. மேற்கு வாசல்ல 1294ல நட்ட கல் தோரணம் ஒண்ணு நிக்குது, புத்த கோயில்ல ஷின்டோ, அதாவது ஜப்பானோட சொந்த மதத்துத் தோரணம். ஒரு காலத்துல கடல் அங்கேருந்து கிட்டத்துல இருந்துச்சு, சூரியன் கடல்ல இறங்கறதை அந்த வாசல்ல இருந்து பாத்து தியானம் பண்ணுவாங்களாம், சொர்க்கத்தோட கிழக்கு வாசல் இதுதான்னு நம்பிக்கை. வருஷத்துக்கு ரெண்டு தடவை, இரவும் பகலும் சமமா வர்ற நாள்ல, இன்னமும் அங்க அந்த சடங்கு நடக்குது.

அங்கேருந்து தென்னோஜி நடந்து வந்தா அபெனோ ஹருகாஸ், 300 மீட்டர் கட்டடம். உச்சிக்கு போக டிக்கெட் வேணும், ஆனா 16வது மாடி தோட்டத்துக்கு காசில்ல, அதுவே போதும், ஊர் நல்லா தெரியும். கீழ ரோட்டுக்கு வந்தா ஹான்காய் டிராம். ஒசாகாவுல மிச்சம் இருக்கற ஒரே டிராம் கம்பெனி. ஒரே பெட்டிதான், பின்னாடி ஏறி, இறங்கறப்போ முன்னாடி டிரைவர் பக்கத்துல பெட்டியில காசு போடணும், கார்டும் தேய்க்கலாம், எங்க ஏறி எங்க இறங்கினாலும் ஒரே கட்டணம். 1928ல செஞ்ச பெட்டிங்க ஒண்ணு ரெண்டு இன்னமும் ஓடுது, ஏசி கிடையாதுங்கறதால குளிர் மாசங்கள்லதான் வெளிய எடுப்பாங்க. வீட்டு வாசல்களை உரசற மாதிரி, துணி காயற கொடிக்கு பக்கத்துல போகும். எதிர் சீட் பாட்டி கைப்பையை திறந்து அம்மா கையில ரெண்டு மிட்டாய் வச்சாங்க, ஒசாகா பாட்டிங்க பையில எப்பவும் மிட்டாய் இருக்கும், தெரியாதவங்களுக்கும் குடுப்பாங்க. அம்மா பதிலுக்கு தன் பையில இருந்த கடலை மிட்டாயை நீட்டினாங்க, ரெண்டு பேரும் ஒருத்தர் பாஷை ஒருத்தருக்கு தெரியாம சுமியோஷி வர்ற வரைக்கும் பேசிட்டே வந்தாங்க.

சுமியோஷி தைஷா வாசல்லயே டிராம் நிக்கும். கப்பல்காரங்களோட தெய்வம், நாடு முழுக்க சுமார் 2300 சுமியோஷி கோயிலுக்கு இதுதான் தலைமை. வளைஞ்ச சிவப்புப் பாலம் ரொம்ப செங்குத்து, வயசானவங்க கைப்பிடியை பிடிச்சு மெதுவா ஏறணும், முடியலன்னா பக்கத்துலயே சமதளமா வேற வழி இருக்கு. உள்ள நாலு சன்னிதி, 1810ல கட்டினது, நாலும் தேசியப் பொக்கிஷம், மூணு ஒண்ணு பின்னால ஒண்ணா கப்பல் வரிசை மாதிரி மேற்கு பாத்து நிக்கும். சுத்திலும் நிக்கற நூத்துக்கணக்கான கல் விளக்குகளை கவனிங்க, நிறைய விளக்கு வியாபாரி சங்கங்க குடுத்தது, நெல் வியாபாரி, துணி வியாபாரி, கப்பல்காரங்கன்னு. ஒரு மூலையில கூழாங்கல் கொட்டி வச்சிருப்பாங்க, அதுல 五, 大, 力ங்கற மூணு எழுத்து எழுதின கல்லை தேடி எடுத்து சேத்து வச்சுக்கிட்டா வேண்டினது நடக்கும்னு நம்பிக்கை, நடந்தப்புறம் வேற கல்லுல நீங்களே எழுதி ரெண்டு மடங்கா திருப்பி வைக்கணும். குழந்தைங்களை கூட்டிட்டு போனா அங்கேருந்து கிளப்பறது கஷ்டம்.

திரும்பி வர்றப்போ வேற கிளையில ஏறி எபிசுசோ வந்தா ஷின்செகாய். 1903 தொழில் கண்காட்சி நடந்த மைதானம், 1912ல அங்க கோபுரமும் கேளிக்கைப் பூங்காவும் கட்டினாங்க. முதல் சூடென்காகு கோபுரம் 1943ல தீயில சேதமாகி, இரும்பை போருக்கு எடுத்துட்டு போயிட்டாங்க. இப்போ இருக்கறது 1956ல அந்த ஏரியா கடைக்காரங்களே முன்ன நின்னு பணம் சேத்து எழுப்பினது, டோக்கியோ டவரை வடிவமைச்ச நைதோ தாச்சூதான் இதுக்கும். ராத்திரி உச்சி விளக்கை பாருங்க, மறுநாள் வெயில்னா வெள்ளை, மேகம்னா ஆரஞ்சு, மழைன்னா நீலம். அதை பாத்துட்டுத்தான் நான் அடுத்த நாள் பிளானை முடிவு பண்ணுவேன்.

அடுத்து, டூர் கம்பெனிங்க யாரும் பெரும்பாலும் சொல்லாத ஒண்ணு: இலவசப் படகு. மேற்குப் பக்கம் துறைமுகத்தை ஒட்டின வட்டாரங்கள்ல பெரிய கப்பல் போகணும்னு பாலத்தை எல்லாம் ரொம்ப உயரமா கட்டியிருக்காங்க, நடந்தோ சைக்கிள்லயோ ஏறி இறங்கறது பெரும்பாடு. அதனால மாநகராட்சியே எட்டு இடத்துல சின்ன படகு விடுது, ரோடு மாதிரின்னு கணக்கு, அதனால காசே கிடையாது. தைஷோ வட்டாரத்துல செம்போன்மாட்சு படகுத்துறை போனீங்கன்னா தலைக்கு மேல ரெண்டு முனையும் வட்டமா சுத்திச் சுத்தி இறங்கற பாலம், கீழ சைக்கிளோட பள்ளிக்கூட பசங்க, பட்டறை வேலைக்கு போறவங்க, மார்க்கெட் போற அம்மாங்க, எல்லாரும் நின்னுட்டே ரெண்டு மூணு நிமிஷத்துல அக்கரை போயிடுவாங்க. தைஷோவுல ஒகினாவாவுல இருந்து பிழைக்க வந்து தங்கினவங்க நிறைய, அந்த ஊர் சாப்பாட்டுக் கடைங்களும் அங்க இருக்கு. நான் ஞாயித்துக்கிழமை வாடகை சைக்கிள் எடுத்து ஒரு படகுத்துறையில இருந்து அடுத்ததுக்குன்னு போவேன், ஊரோட நிஜமான வேலை நாள் முகம் அங்கதான் தெரியும். படகு நேரம் துறையிலேயே எழுதி ஒட்டியிருக்கும், பகல்ல நிறைய இடத்துல அரை மணிக்கு ஒண்ணுதான், அதனால போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

டூரிஸ்ட்டுக்கு நேரடியா உபயோகப்படற படகு தெம்போசான் படகு. கைய்யூகான் மீன் காட்சியகம் பாத்துட்டு (எஸ்கலேட்டர்ல மேல கொண்டு போய் சுத்திச் சுத்தி கீழ இறக்குவாங்க, நடுத் தொட்டியில திமிங்கலச் சுறா) பக்கத்து பூங்கா வழியா நடந்தா படகுத்துறை, அக்கரை போனா சகுராஜிமா ஸ்டேஷன் நடை தூரம், அங்கேருந்து அடுத்த ஸ்டேஷன் யுனிவர்சல் ஸ்டூடியோ. ரயில்ல போனா ஊரை சுத்தணும். அந்தப் பூங்காவுல 4.53 மீட்டர் உயரத்துல தெம்போசான் மலைன்னு ஒண்ணு இருக்கு, 1831ல ஆத்தை தூர் வாரினப்போ கொட்டின மண்ணு.

சாப்பாடு பத்தி சைவக்காரங்களுக்கு தெளிவா சொல்லணும். ஒசாகாவோட பெருமையே தாஷிங்கற சாறு, கடல்பாசியும் உலர்ந்த மீனும் சேத்தது, அது உடோன் (தடிச்ச கோதுமை நூடுல்ஸ்) சூப்ல இருக்கும், ஒகோனோமியாகி (முட்டைக்கோஸ் போட்டு சுடற அடை) மாவுல இருக்கும், பாக்க சுத்த சைவமா தெரியற கீரை மேலயும் ஊத்தியிருப்பாங்க. "கறி வேண்டாம்"னு சொன்னா மட்டும் பத்தாது, கறி, மீன், முட்டை, மீன் தாஷி எதுவும் கூடாதுன்னு ஜப்பானீஸ்ல எழுதி போன்ல வச்சு காட்டுங்க, முடியாதுன்னா முடியாதுன்னு மரியாதையா சொல்லிடுவாங்க. கன்வீனியன்ஸ் ஸ்டோர்ல வெறும் உப்பு போட்ட சாத உருண்டை, சுட்ட சர்க்கரைவள்ளி, பழம் கிடைக்கும், பாக்கெட்டை டிரான்ஸ்லேட் ஆப்ல ஸ்கேன் பண்ணி பாத்துட்டு வாங்குங்க. பழைய காபி கடைங்கள்ல மிக்ஸ் ஜூஸ்னு கேளுங்க, பாலும் வாழைப்பழமும் ஆரஞ்சும் அடிச்சது, இந்த ஊர் ஸ்பெஷல், அம்மா தினமும் குடிச்சாங்க. ராத்திரிக்கு நாங்க கண்டுபிடிச்ச வழி, சூப்பர் மார்க்கெட்ல மைக்ரோவேவ்ல வைக்கற சாத டப்பாவும் சர்க்கரை போடாத யோகர்ட்டும் வாங்கி தயிர் சாதம். ஜப்பான் அரிசி குழையறதால தயிர் சாதத்துக்கு அவ்ளோ பொருத்தம், ஊர்ல இருந்து ஊறுகாய் மட்டும் எடுத்துட்டு போங்க.

அசைவம் சாப்பிடறவங்களுக்கு கவலையே இல்ல, தாகோயாகி 1930கள்ல பிறந்தது இந்த ஊர்லதான். அப்புறம் ஒரு நாள் சுருஹாஷி போங்க, ஸ்டேஷன்ல இறங்கினதுமே கறி சுடற வாசனை வரும். ஜேஜு தீவுல இருந்து 1920கள்ல நேரடி கப்பல் வந்துச்சு, அதுல வேலைக்கு வந்த கொரியக் குடும்பங்க நூறு வருஷமா வேர் விட்ட இடம், கிம்சி கடைங்களுக்கு நடுவுல அவங்க பட்ட கஷ்டத்தையும் நினைச்சுக்கிட்டே நடக்க வேண்டிய தெரு.

இன்னொரு நாள் அரை நாள் கிடைச்சா நம்பாவுல கின்டெட்சு ரயில் ஏறி இகோமா போங்க, இருபது நிமிஷ தூரம், நாரா மாகாணத்துல சேரும். அங்கேருந்து கேபிள் கார், 1918ல ஓட ஆரம்பிச்சது, ஜப்பானோட முதல் கேபிள் கார். மேல ஹோசான்ஜி கோயில்ல கும்பிடறது ஷோடென், நம்ம பிள்ளையார்தான். இந்தியாவுல இருந்து சீனா வழியா புத்த மதத்தோட போனவர், ஒசாகா வியாபாரிங்க தொழில் நல்லா நடக்கணும்னு தலைமுறை தலைமுறையா வந்து கும்பிடறாங்க. விக்கிரகத்தை யாருக்கும் காட்ட மாட்டாங்க, ரகசியமா உள்ளயே வச்சிருக்கும், வெளியில ரெண்டு முள்ளங்கி குறுக்கால வச்ச சின்னமும் பணப்பை சின்னமும் எல்லா இடத்துலயும் செதுக்கியிருக்கும். அம்மா கொழுக்கட்டை இல்லாம பிள்ளையாரான்னு கேட்டுட்டு மூணு தோப்புக்கரணம் போட்டாங்க, பக்கத்துல நின்ன ஜப்பான்கார தாத்தா நிதானமா பாத்துட்டு தலை குனிஞ்சு வணக்கம் வச்சார்.

போக்குவரத்துக்கு இகோகாங்கற (ICOCA) ரீசார்ஜ் கார்டு ஒண்ணு போதும், ரயில், மெட்ரோ, டிராம், கடை எல்லாத்துக்கும் ஆகும். மெட்ரோலயே நிறைய சுத்தப் போற நாள்னா மெஷின்லயே ஒரு நாள் பாஸ் வாங்கிடுங்க, சனி ஞாயிறுல விலை இன்னும் கம்மி. உமேதாவுல ஒசாகா, உமேதா, ஒசாகா-உமேதா, ஹிகாஷி உமேதா, நிஷி உமேதான்னு பல ஸ்டேஷன் பக்கம் பக்கமா இருக்கும், பூமிக்கடியில கடைத்தெரு பின்னிக் கிடக்கும், வழி குழம்பினா கீழயே சுத்தாம படியேறி ரோட்டுக்கு வந்துடுங்க, சிவப்பு ராட்டினம் தெரியும், அதை வச்சு திசை பிடிச்சுக்கலாம். எஸ்கலேட்டர்ல டோக்கியோவுக்கு நேர் எதிரா இங்க வலது பக்கம் நிப்பாங்க. புகை பிடிக்கறவங்க ஜாக்கிரதை, 2025 ஜனவரியில இருந்து ஊர் முழுக்க தெருவுல தடை, அபராதம் 1000 யென். குப்பைத் தொட்டி தெருவுல கிடையாது, பையில ஒரு கவர் வச்சுக்கோங்க. தங்கறதுக்கு பெரியவங்க கூட இருந்தா தென்னோஜி பக்கம் பாருங்க, ஏர்போர்ட் ரயில் நேரா வரும், தெற்குப் பக்கம் எல்லாம் கையெட்டும் தூரம், நம்பா அளவுக்கு ராத்திரி சத்தமும் இருக்காது.

எப்போ போகலாம்னா, ஜூன்ல இருந்து ஜூலை பாதி வரைக்கும் மழை, ஆகஸ்ட் வெக்கை நம்ம ஊர் ஆளுங்களையே சாய்ச்சுடும், நவம்பர்ல மிதோசுஜி ரோடு முழுக்க கிங்கோ மரம் மஞ்சளா மாறறப்போ போறது சுகம். சகுராவுக்குன்னா (செர்ரிப் பூ) மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரம். அதை தவற விட்டவங்களுக்கு நாணயச் சாலை இருக்கு, 1883ல இருந்து ஏப்ரல்ல ஒரு வாரம் மட்டும் உள்தெருவை ஜனங்களுக்கு திறந்து விடறாங்க, அடுக்கு இதழ் சகுரா வகைங்க அங்க லேட்டாத்தான் பூக்கும். சமீப வருஷங்கள்ல ஆன்லைன்ல முன்பதிவு வச்சாங்க, தேதி அறிவிச்சதும் போட்டுடுங்க. ஜூலை 24, 25ல டென்ஜின் திருவிழா, சாமி படகுல ஆத்து மேல ஊர்வலம் போகும், வாணவேடிக்கை நடக்கும், அந்த ரெண்டு நாளுக்கு ஆத்தங்கரை ஓட்டல் எல்லாம் பல மாசம் முன்னாடியே நிறைஞ்சுடும்.